மூன்று முறை தொட வேண்டும்

கவிதாவின் பெயர்ப்பலகை எங்கள் ஆய்வுக்கூடக் கதவில் ஏறிய நாளில் என் வயிற்றெரிச்சல் தொடங்கியது. நாங்கள் இருவரும் லாபு ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். நான் டிப்ளோமா முடித்து லேப் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தபோது அவள் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் டாக்டர் கவிதா. நான் இன்னும் சரசு அக்கா.

எங்கள் ஆராய்ச்சி முதுமை பற்றியது. ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுக்களை, அகார் என்னும் கூழ் காய்ச்சி ஊற்றி உறையவைத்த தட்டில் வளர்ப்போம். மூன்று வாரத்தில் அவை பிறந்து, கிழடாகி, செத்துவிடும். நரம்பு செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சின்னப் புரதத் துண்டுதான் நியூரோபெப்டைட். அதில் ஒன்றைத் தயாரிக்கும் ஜீனை எடுத்துவிட்டால் புழு கூடுதல் நாள் வாழ்கிறது என்று கவிதா கண்டுபிடித்திருந்தாள்.

அந்தப் புழுக்கள் சாகாமல் கிடப்பதை முதலில் பார்த்துச் சொன்னவள் நான். “தேதிய தப்பா எழுதியிருப்பீங்க லா,” என்று ஆய்வுக்கூடத் தலைவரான பாஸ் சிரித்தார். அதையே கவிதா சொன்னபோது மீட்டிங் போட்டார்.

எண்ணிக்கை

கட்டுரை அனுப்புமுன், எந்த நாளில் எத்தனை புழு செத்தது என்று இன்னொருவர் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். பாஸ் என்னைக் கூப்பிட்டார். “சரசு, நீங்க எண்ணுங்க. உங்க கைய யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.”

தட்டுகளின் பெயரை மறைத்து எண் மட்டும் ஒட்டித் தருவார்கள். எது ஜீன் இல்லாத புழு, எது சாதாரணப் புழு என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. அசையாத புழுவைப் பிளாட்டினம் கம்பியால் மெல்லத் தொட வேண்டும். மூன்று முறை தொட்டும் அசையாவிட்டால்தான் செத்ததாகக் குறித்துத் தனித்தட்டுக்கு மாற்றுவோம். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

இரண்டாம் வாரத்தில் பாதித் தட்டுகளில் புழுக்கள் சோம்பிக் கிடந்தன. மற்றவை சுறுசுறுப்பாக ஓடின. உடம்பை அலட்டிக்கொள்ளாததற்குத்தானே ஆயுள் கூடும், இவைதான் கவிதாவுடையவை என்று முடிவுகட்டினேன். அந்தத் தட்டுகளில் ஒரே முறை தொட்டேன். அசையவில்லையா, செத்தது. மற்ற தட்டுகளில் பொறுமையாக மூன்று முறை தொட்டேன்.

பெயர்களைத் திறந்த அன்று பாஸ் திகைத்துப்போனார். “கவிதா, நீ எண்ணினத விட ஆயுள் வித்தியாசம் பெருசா வந்திருக்கு.”

சோம்பிக் கிடந்தவை சாதாரணப் புழுக்கள். கிழடு தட்டித்தான் அப்படிக் கிடந்திருக்கின்றன; அவற்றைத்தான் நான் சீக்கிரமே செத்ததாக எழுதியிருந்தேன். ஓடியவை கவிதாவுடையவை. அவளைக் கவிழ்க்கப் போய் அவளுக்கே மாலை போட்டிருந்தேன்.

தனித்தட்டு

மறுநாள் காலை நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தோடு கவிதா வந்தாள். “பசியாறினீங்களா அக்கா? கட்டுரையில உங்க பேரையும் போடச் சொல்லிட்டேன். கீழ நன்றியில இல்ல. மேல, எங்க பேரோட.”

இத்தனை வருடத்தில் என் பெயர் அங்கே வந்ததில்லை. அவள் போனதும் தனித்தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். நான் செத்ததாகக் குறித்து மாற்றியவற்றில் சில, அகாரில் கோடு கிழித்து ஊர்ந்திருந்தன.

சொன்னால் அவள் முடிவு சிறுத்துப்போகும், பொறாமையில் குறைக்கிறேன் என்பார்கள். சொல்லாவிட்டால் பொய்யின் மேல் என் பெயர் ஏறும். உண்மையைச் சொல்லி அவளைக் குறைப்பதில் ஒரு ஓரத்தில் எனக்குச் சந்தோஷமும் இருந்தது. அதை நினைத்துத்தான் அதிகம் வெட்கப்பட்டேன்.

தட்டை அவள் மேசைக்குக் கொண்டுபோனேன். “இத பாரு. ஒரு தடவதான் தொட்டேன்.”

மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். “ஏன்க்கா?”

“உன்னோட புழுன்னு நெனச்சேன்.”

“என்னோடதுன்னு நெனச்சா கொன்னீங்க?”

நான் தலையாட்டினேன். அவள் தந்த பொட்டலம் என் மேசையில் பிரிக்காமலே கிடந்தது.

பாஸிடமும் ஒப்புக்கொண்டேன். புதிதாக வளர்த்த புழுக்களை வேறொருவர் முதலிலிருந்து எண்ணினார். வித்தியாசம் சிறியதாக வந்தது, ஆனால் வந்தது. கட்டுரை வெளியானபோது என் பெயர் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. பாஸ் என்னை எண்ண விடாமல் ஒரு வருடம் அகார் காய்ச்ச வைத்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். யார்மேல் வயிறெரிகிறதோ அவர்கள் தட்டை எண்ணச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டும்போது எனக்கு இன்னும் எரியும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் நான்காவது முறையும் தொட்டுப் பார்க்கிறேன்.