கோழிக்குச் சுட்ட முட்டை

என் கோழி பக்கத்து வீட்டில் போய் முட்டையிட்டது. தீனி என் வீட்டில், கூடை என் வீட்டில், முட்டை மட்டும் அங்கே. பக்கத்து வீட்டு அக்கா தன் விறகுக் குவியலுக்குப் பின்னால் கைவிட்டு எடுப்பாள். ஆம்லெட் போட்டுத் தின்றுவிட்டு, வெங்காய வாசனையோடு மதிலோரம் வந்து நிற்பாள்.

"யக்கா, அது எங்கோழி."

"கோழி உன்னுதுதாண்டி. நான் என்னா கோழியவா தின்னன்? அதுவுமில்லாம சேவல் எங்குளுது. முட்டையில எனக்குப் பங்கு இல்லையா?"

"சேவலே இல்லாட்டியும் கோழி முட்டை போடும். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேணும். நீ என்னா குஞ்சா பொரிச்ச?"

எனக்குக் கோபம் வந்தால் கொஞ்ச நேரம்தான் பேச்சு வரும். பிறகு சாமான் பறக்கும். அன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி பறந்தது.

நான் கோபப்பட்டதற்குக் காரணம் ஆம்லெட் இல்லை. கழிச்சல் நோய் வந்து மற்ற கோழிகளெல்லாம் செத்துப்போய், பெண்ணாடத்திலிருந்து பையில் தலையை நீட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்த இந்த ஒன்றுதான் மிச்சம். இந்த முறை அவயம் வைத்துக் குஞ்சு பார்க்காவிட்டால் என் வீட்டில் கோழி என்ற பேச்சே இருக்காது. முட்டையே வீடு வந்து சேராதபோது எதை அடை வைப்பது?

"நீதாண்டி அத தொரத்திவுட்ட" என்றாள் அக்கா. "நான் எடுத்தாலும் ஒண்ண வுட்டுட்டுத்தான் எடுப்பன். உம்புருசன் ஒண்ணையாச்சும் வுடுறானா?"

எரிச்சலாக இருந்தாலும் அவள் சொன்னது சரி. கூடையில் ஒரு முட்டை கிடந்தால்தான் கோழி திரும்ப அங்கே வரும். நேற்று இட்டது இன்றைக்கும் இருக்கிறது, அப்படியென்றால் பாம்பும் கீரியும் வராத இடம் என்று அதன் உடம்புக்குத் தெரிகிறது. என் வீட்டில் அந்த ஒற்றை முட்டையையும் என் வீட்டுக்காரர் காலையில் டம்ளரில் உடைத்து ஊற்றிக் குடித்துவிட்டு வேலைக்குப் போவார். கோழிக்கு அவரும் கீரியும் ஒன்றுதான்.

நான் பீங்கான் யூனிட்டில் பொம்மை வார்க்கிறவள். உடைக்க முடியாத முட்டை செய்வது எனக்கு ஒரு வேலையா? பிளாஸ்டரில் அச்செடுத்து, கரைத்த மண்ணை ஊற்றி, கெட்டியானதும் மிச்சத்தை வடித்து, வெடிக்காமலிருக்கக் காற்றுக்கு ஒரு ஓட்டை விட்டு, பொம்மைகளோடு பொம்மையாகச் சூளைக்கு அனுப்பினேன்.

வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு, சூளை பிரிக்கிறவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார். "யம்மா, பல்லிக்கா அவயம் வைக்கப் போற?"

மண் காயும்போது சுருங்கும். சூளையில் இன்னும் சுருங்கும். அதனால் பொம்மைக்கு மூல உருவத்தைப் பெரிதாகத்தான் செதுக்குவோம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் முட்டைதானே என்று கோழிமுட்டையையே வைத்து அச்செடுத்திருந்தேன். பல வருஷமாக இதே வேலை செய்கிற என் தலையில் அடித்துக்கொண்டேன்.

இருந்தாலும் அந்தப் பல்லி முட்டையைக் கூடையில் வைத்துப் பார்த்தேன். கோழி ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது. ஒரு கொத்து கொத்தியது. டிங் என்று உருண்டது. கோழி நேராக மதிலைத் தாண்டி அக்கா வீட்டுக்குப் போய்விட்டது.

அந்தக் கோபத்தில் அடுத்ததைச் செதுக்கினேன். கோபத்தில் செதுக்கினால் அளவு நிற்குமா? சுருங்கியதற்குப் பிறகும் வாத்து முட்டையை விடப் பெரிதாக வந்தது. உள்ளே மணல் நிரப்பி, ஓட்டையை வெள்ளை சிமெண்டால் அடைத்தேன்.

"இத பாத்தா கோழி ஊர வுட்டே ஓடிடும்" என்றார் சூளைக்காரர்.

ஓடவில்லை. கூடையில் ஏறி, கழுத்தை நீட்டி, அலகின் அடிப்பக்கத்தால் அதை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, நெஞ்சுக்குக் கீழே தள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மறுநாள் அதன் பக்கத்திலேயே முட்டையிட்டது.

எனக்கு ஆச்சரியம். அப்புறம் யூனிட் வாசல் வேப்பமரத்தில் ஒரு காக்கா, தன் கூட்டில் வளர்ந்த குயில் குஞ்சுக்கு ஊட்டுவதைப் பார்த்தேன். குஞ்சு வாயைத் திறந்து கத்தியது, காக்கா கொண்டுவந்து போட்டது. நீ யார் பிள்ளை என்று கேட்கவில்லை. திறந்த வாய் என்றால் ஊட்டு, முட்டை என்றால் மூடு, பெரிய முட்டையென்றால் இன்னும் ஆசையாக மூடு. அவ்வளவுதான். முட்டாள் என்று திட்டலாம். ஆனால் அந்த முட்டாள்தனத்தில்தானே இத்தனை பறவையும் பிழைத்து வந்திருக்கிறது.

ஒரு காலையில் டங்கென்று சத்தம். என் வீட்டுக்காரர் டம்ளரும் கையுமாக நின்றார். டம்ளர் விளிம்பு நெளிந்திருந்தது.

"என்னாடி வச்சிருக்கற?"

"உங்களுக்குத்தான். குடிங்க."

அதற்குப் பிறகு அவர் கூடைப் பக்கம் வரவில்லை. முட்டை சேர்ந்தது. கோழி அவயத்துக்கு உட்கார்ந்தது. வயிற்று இறகு உதிர்ந்து, வெறும் தோல் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுட்டது. கை வைத்தால் கொத்தும். பெரிய முட்டையை எடுத்துவிட நினைத்தேன், விடவில்லை.

மூன்று வாரத்தில் குஞ்சுகள் வந்தன. ஆனால் கோழி எழுந்திருக்கவில்லை. அந்தப் பீங்கான் முட்டை இன்னும் பொரிக்கவில்லையே! அது படுத்துக் கிடக்க, குஞ்சுகள் கூடையை விட்டு இறங்கின. மதிலில் ஒரு பக்கம் காக்கா உட்கார்ந்திருந்தது. மறுபக்கம் அக்கா தலை தெரிந்தது.

"அத எடுத்து எறிடி! குஞ்சு போயிடும்!"

"நீ வந்து எடு, கொத்துனா தெரியும்!"

நான் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு குனிந்தேன். அதற்குள் ஒரு குஞ்சு துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கத்தியது. கோழி தலையைத் தூக்கியது. இன்னொரு கத்தல். அவ்வளவுதான், முட்டையாவது மண்ணாவது, உதறி எழுந்து பாய்ந்தது. காக்கா பறந்தே போய்விட்டது. கோழி குஞ்சை மீட்டு, எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு, கொக்கரித்துக்கொண்டே குப்பையைக் கிளறப் போனது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மனசு நிறைந்திருந்தது. யாரையும் திட்டத் தோன்றவில்லை.

அக்காதான் கெடுத்தாள்.

"அந்த முட்டய எனக்குக் குடேன். எல்லாம் எஞ்சேவலு புள்ளங்கதான?"

"எதுக்கு?"

"சும்மா, ஷோகேஸ்ல வைக்க."

"உன் வூட்டு ஷோகேசு வெறகுக்குப் பின்னாடியா இருக்குது?"

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். சேவல் அவளுடையது என்பதும் உண்மை. உள்ளே போய் ஒரு முட்டையை எடுத்து வந்து மதில் மேல் வைத்தேன். பல்லி முட்டையைத்தான் வைத்தேன்.