சாம்பல் தரையில் ஒரு கால்

றோஸ்மேரிக்கு வாய் நீளம் என்று டோர்செட் பார்க் தொடர்மாடியில் அவளோடு இருக்கிற எல்லோரும் சொல்வார்கள். நீளம்தான். மன்னாரிலிருந்து வந்து, கோப்பை கழுவி, ஹோட்டல் அறை துடைத்து, கட்டியவன் விட்டுப் போன பிறகு மகள் மெலிசாவைத் தனியாளாக வளர்த்தவளுக்கு வாயும் இல்லாவிட்டால் வேறு என்ன மிஞ்சும்?

பல வருடங்களாக அவளுக்குத் துஷாந்தின் பட்டறையில் வேலை. நூதனசாலைகளில் காட்சிக்கு வைக்க மாதிரிகள் செய்து கொடுக்கிற பட்டறை அது. சீமெந்தைப் பாறையென்று ஊரே நம்பும்படி பூசி முடிப்பாள்.

அந்த மாதம் வந்த வேலை ஆபிரிக்கக் காலடிகள். முப்பத்தாறு இலட்சம் வருடங்களுக்கு முன்னர் எரிமலை கக்கிய சாம்பல் மழையில் நனைந்து கிடக்க, அதன்மேல் நம் மூதாதையர் மாதிரி யாரோ சிலர் நடந்து போயிருக்கிறார்கள். சாம்பல் இறுகிவிட்டது. அடிகள் தங்கிவிட்டன. அதையே ஒரு நீளத் தரையாகச் செய்து வெள்ளிக்கிழமை லொறியில் ஏற்ற வேண்டும். வியாழன் பின்னேரம் றோஸ்மேரி கடைசி ஓரத்தைப் பூசிக் காயவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை வந்தபோது பட்டறையில் கற்பூரம் மணத்தது. துஷாந்த் தரைக்குப் பக்கத்தில் நின்றான். காயாத ஓரத்தில் புதிதாக ஒரு கால் பதிந்திருந்தது. வெறுங்கால், சின்னக் கால்.

"பூட்ஸ் கழட்டிப்போட்டு இதிலை ஏறி வேலை செய்யிறது நீங்கள் ஒராள்தான் அன்ரி," என்றான், வேலையாட்கள் எல்லோருக்கும் கேட்க. "கண் தெரியாட்டி வீட்டிலை இருக்கோணும். உங்களை வைச்சிருந்தால் என்ர பேர்தான் நாறும். திங்கள் வராதேங்கோ."

இந்த வயதில் அவளுக்கு இன்னொருவன் வேலை தரமாட்டான். ஆனால் அந்தக் கவலையை விடக் கோபம் பெரிதாக இருந்தது. லைற்றை எடுத்துக்கொண்டு முழங்காலில் நின்று அந்தப் பாதத்தைப் பார்த்தாள். இரண்டாவது விரலைச் சுற்றி ஒரு வளையம் பதிந்திருந்தது. அவளுடைய கால்விரலில் அப்படி ஒன்றும் கிடையாது. தரையின் எட்டத்து மூலையில் ஒரு சந்தனப் பொட்டு.

செய்த பொருள் வெளியே போகுமுன் துஷாந்தின் மனைவி நிலாணி கற்பூரம் காட்டிப் பொட்டு வைப்பது அங்கே வழக்கம். செருப்போடு யார் கற்பூரம் காட்டுவார்கள்? ஒபிஸ் வாசலில் கற்பூரத் தட்டோடு நின்ற நிலாணி இப்போது சப்பாத்துப் போட்டிருந்தாள்.

"தம்பி," என்றாள் றோஸ்மேரி, "முப்பத்தாறு இலட்சம் வருசத்துக்கு முந்தி ஆரப்பா மெட்டி போட்டது?"

போர்க்லிஃப்ட் ஓட்டுகிற ராகுலன் இருமுவதுபோல வாயைப் பொத்தினான். நிலாணி தலை குனிந்தாள். துஷாந்த் பொட்டைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

"சரி, சின்னப் பிழைதானே. லொறி வரப்போகுது, பூசிவிடுங்கோ அன்ரி."

சின்னப் பிழையாம். அவளுடைய கால் என்றால் வீட்டுக்கு அனுப்பலாம், அவன் மனைவியின் கால் என்றதும் சின்னப் பிழை. றோஸ்மேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மன்னிப்புக் கேளுங்கோ. பூசுறன்."

"சொறி அன்ரி," என்றான் போனைப் பார்த்தபடி.

"என்னை ஏசினது தமிழிலை. இதையும் தமிழிலை சொல்லுங்கோ. எல்லாருக்கும் கேக்கோணும்."

நிலாணிதான் முன்னே வந்தாள். "அன்ரி, நான் கேக்கிறன்..."

"உங்களிட்டை நான் கேக்கேல்லை பிள்ளை. நீங்கள் கும்பிடத்தானே போனீங்கள்."

பூச்சுக்கரண்டியைத் துஷாந்தின் கையில் வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். பஸ் தரிப்பில் நின்றபோது பயம் வந்தது. மெலிசாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தாள்.

பின்னால் ஓடிவருகிற சத்தம் கேட்டது. துஷாந்த், கையில் கரண்டியோடு, மூச்சு வாங்க நின்றான்.

"அன்ரி, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

நல்ல தமிழ்தான். ஆனால் அந்தத் தரிப்பில் அவர்கள் இருவரையும் தவிர ஒருவரும் இல்லை.

"உள்ளுக்கை வந்து சொல்லுங்கோ," என்றாள்.

அவன் பட்டறையைத் திரும்பிப் பார்த்தான். கதவருகே வேலையாட்கள் நின்றார்கள். லொறியும் வந்து நின்றது. அவன் பார்த்துக்கொண்டே நிற்க பஸ் வந்தது, றோஸ்மேரி ஏறிவிட்டாள்.