தேநீருக்குப் பிறகு கேட்காத கார்ட்

என் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனாலும் லண்டனில், இந்த ரெய்னர்ஸ் லேனில் இருக்கிற டொக்டர்மார், எஞ்சினியர்மார் எவரும் செய்யாத வேலையை நான் செய்திருக்கிறேன். சம்பளத்துக்குக் கவுண்டி கிரிக்கெட் ஆடினேன். ஒரே ஒரு சீசன். பெட்ரோல் ஷெட்டில் வேலை செய்துகொண்டு, ஞாயிறுகளில் கிளப்புக்கு அடித்த சதங்களைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். சிபாரிசு ஒன்றும் இல்லை.

முதல் நாள் வலைப் பயிற்சியில் எல்லாப் பந்தையும் விளாசினேன். கோச் சிரிக்கவில்லை.

"அடிக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தைத் தொடாமல் விடத் தெரியுமா?"

இரண்டு மாதத்தில், என்னைப்போல் பந்தை விட அந்த டீமில் ஆள் இல்லை.

பந்தை விடுவதற்கு, நிற்கிற இடம் சரியாக இருக்க வேண்டும். அதற்குத்தான் கார்ட் எடுப்பது. அம்பயரிடம் 'மிடில்' என்று நடு ஸ்டம்புக்கு நேரான இடத்தைக் கேட்டு, அவர் காட்டுகிற இடத்தில் சப்பாத்து ஆணியால் கோடு கீறுவோம். இடைவேளையில் மைதானக்காரர் அந்தக் கோடுகளைக் கூட்டி அழித்துவிடுவார். திரும்பி வந்ததும் மறுபடி கேட்பதுதான் வழக்கம்.

செப்டம்பரில் கடைசி ஆட்டம். ஐம்பது அடித்தால் அடுத்த வருடமும் இடம் என்று கோச் சொல்லியிருந்தார். தேநீருக்குப் போகும்போது நாற்பத்தாறு. மச்சான் குகன் ஷெட்டில் லீவு போட்டுவிட்டுப் பார்க்க வந்திருந்தான்.

"இன்னும் நாலுதானடா! அவசரப்படாதை."

"ஓம் ஓம். நீ போய் ரீ குடி. நாலை நான் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பன்."

திரும்பி வந்து நின்றேன். அம்பயர் என்னைப் பார்த்தார். நான் கேட்கவில்லை. மத்தியானம் முழுக்க நின்ற இடம் எனக்குத் தெரியாதா? ஒரு கோடு தெரிந்தது, அதில் நின்றேன். முதல் பந்து வெளியே போகிறது என்று மட்டையை உயர்த்திப் பந்தைத் தொடாமல் விட்டேன்.

ஓஃப் ஸ்டம்ப் பறந்தது.

குனிந்து பார்த்தேன். என் கோட்டைக் கூட்டிவிட்டார்கள். நான் நின்றது, என்னோடு ஆடியவன் லெக் ஸ்டம்புக்கு நேரே ஆழமாகக் கீறியதால் கூட்டியும் அழியாத கோட்டில். அவ்வளவு தள்ளி நின்றதால்தான் ஸ்டம்புக்கு வந்த பந்து வெளியே போவதுபோலத் தெரிந்தது.

"என்னடா, மட்டையைத் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டு நிண்டனி?" என்றான் குகன். கோச் கை கொடுத்தார். அடுத்த வருடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு இரண்டு கடை போட்டேன். வீடு வாங்கினேன். யாரிடமும் கைநீட்டவில்லை. இப்போது ஞாயிறுகளில் தமிழ்க் கழகங்களின் ஆட்டத்துக்கு அம்பயராக நிற்கிறேன். தேநீருக்குப் பிறகு எவராவது கார்ட் கேட்காமல் நின்றால் பந்துவீச்சை நிறுத்திவிடுவேன்.

"அண்ணை, எனக்கு இடம் தெரியும்."

"தெரிஞ்சாலும் கேளும்."

ஆட்டம் முடிந்து எல்லோரும் கார்களுக்குப் போனபின், ஒரு ஸ்டம்பை மட்டைபோலப் பிடித்துக்கொண்டு பேட்டிங் கிரீஸில் நிற்பேன். எதிர்ப்பக்கம் அம்பயர் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்: "மிடில், பிளீஸ்."