முசேவின் மடியில் எட்டு இதயங்கள்

2004 கோடையில் நான் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் முதுகலை விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். கருவில் இதயம் உருவாவதை நேரில் பார்ப்பது எங்கள் செய்முறைப் பாடம். நாட்டுக்கோழி முட்டைகளை அடைகாக்கும் பெட்டியில் வைத்து, மூன்றாம் நாள் உடைத்துப் பார்க்க வேண்டும். தேர்வு நெருங்கிய நேரத்தில் பெட்டி கெட்டுப்போனது. "அவங்கவங்க வீட்ல சூடா ஒரு இடம் பாத்து வெச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டார் பேராசிரியை.

ஏப்ரல் மாதப் புதுச்சேரியில் சூட்டுக்கு என்ன குறை? ஆனால் முட்டைக்கு வேண்டியது இரவும் பகலும் ஏறாமல் இறங்காமல் நிற்கிற சூடு.

நாங்கள் சாரம் பகுதியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. பிரெஞ்சு வழக்கப்படி அவரை முசே என்றும் அவர் மனைவியை மதாம் என்றும்தான் தெருவே கூப்பிடும். பாரீசில் இருக்கும் அவர்கள் மகன், நம் ஊர் வெயிலை மறந்துபோய் மின்சாரக் கம்பளி ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தான். என் பங்குக்குக் கிடைத்த எட்டு முட்டைகளுக்காக அதைக் கேட்டேன்.

முசே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "கரண்டு சாமானத்த தனியா வுட்டுட்டுப் போவக்கூடாதும்மா. நானே ஒக்காந்துக்கறேன்" என்றார்.

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, எட்டு முட்டைகளையும் துண்டில் சுற்றி மடியில் வைத்து, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டார். முட்டைக்குக் காற்று ஆகாது என்று மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னார். கரண்டு போனால் என்ன செய்வது என்று கேட்டேன். "என் ஒடம்பு சூடு இருக்குதில்ல?" என்றார். அவர் எழுந்து போகும்போது அந்த இடத்தில் மதாம் உட்கார்ந்தார்.

மறுநாள் சாயங்காலம் புத்தகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டதில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாடிப்படியில் நின்றபடியே கத்தினேன்.

"முசே! இதயம் இப்பதான் துடிக்க ஆரம்பிச்சிருக்கும்! அசையாதீங்க!"

வாசலில் பால் ஊற்ற வந்த பால்காரம்மா அதைக் கேட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். கொதிக்கிற வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு வியர்த்து வழிந்துகொண்டிருந்தார் முசே. முசேவின் இதயம் நின்றுபோய் இப்போதுதான் மறுபடி துடிக்கிறது என்று தெருமுழுக்கச் செய்தி பரவியது. யாரோ பாரீசுக்கும் போன் போட்டுவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை நான் முட்டையை உடைக்கத் தயாரானபோது முசே வீட்டுக் கூடத்தில் கூட்டம். எதிர்வீட்டு அக்கா கஞ்சியோடு வந்திருந்தார். மாதா கோயிலில் இருந்து ஜெபமாலையோடு ஓர் அம்மா. ஸ்கூட்டரில் குடும்ப டாக்டர்.

"எத்தினி நாளா நெஞ்சு வலி?" என்று கேட்டார் டாக்டர்.

"எனக்கு இன்னா வலி? துடிக்கறது இதுங்களுக்கு" என்று முசே கம்பளியைத் தூக்கிக் காட்டினார். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை மடித்து வைத்துவிட்டு, அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு முட்டையை மெதுவாக உடைத்து விட்டேன். மஞ்சள் கருவின் மேல் சிவப்பு நூலிழைகள் படர்ந்திருந்தன. நடுவே குண்டூசித் தலையளவு ஒரு சிவப்புப் புள்ளி துள்ளிக்கொண்டிருந்தது. எல்லோரும் குனிந்தார்கள்.

முதலில் இரண்டு மெல்லிய குழாய்கள் ஒட்டி ஒன்றாகும், அது நீண்டு வலப்பக்கமாக வளையும், அறைகள் பிரிவதெல்லாம் பிறகுதான் என்று சொன்னேன். ரத்தக்குழாய்கள் மஞ்சள் கருவின் மேல் தனித்தனித் திட்டுகளாகத் தோன்றி, ஒன்றோடொன்று இணைந்து இதயத்தில் வந்து சேரும். அவை வந்து சேர்ந்து ரத்தம் ஓடுவதற்கு முன்பே இதயம் துடிக்கத் தொடங்கிவிடும்.

"ரத்தமே வரல, அதுக்குள்ள இன்னாத்துக்குத் துடிக்குது?" என்று கேட்டார் எதிர்வீட்டு அக்கா.

நான் டாக்டரைப் பார்த்தேன். "படிக்கிறப்ப எனக்கும் அந்த சந்தேகம் வந்துச்சி. கேக்காம வுட்டுட்டேன்" என்றார்.

அதற்குள் தண்ணீர் ஆறி, புள்ளியின் துடிப்பு தளர்ந்தது. கோயில் அம்மா சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார். முசே கிண்ணத்தை வாங்கிக் கம்பளிமேல் வைத்துச் சூட்டைக் கூட்டினார். சற்று நேரத்தில் துடிப்பு மறுபடி வேகம் பிடித்தது. "பாத்தீங்களா?" என்றார் கோயில் அம்மா. கஞ்சியை டாக்டர் குடித்தார்.

மிச்ச முட்டைகளைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்த் தேர்வை முடித்துவிட்டேன். அதற்கு மறுநாள் மகன் பாரீசில் இருந்து வந்து இறங்கினான். நாங்கள் எவ்வளவு சொல்லியும் நம்பாமல் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் எல்லாப் பரிசோதனையும் செய்ய வைத்தான். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. இடுப்பில் இருந்து முழங்கால் வரைக்கும் வேர்க்குரு. களிம்பு கொடுத்து அனுப்பினார்கள்.

வந்ததுதான் வந்தோம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் நோணாங்குப்பம் படகுத்துறைக்கு அழைத்துப்போனான் மகன். மிதவைச் சட்டையின் வார் தொடையில் இருக்கிற வேர்க்குருவில் உரசி எரிகிறது என்று முசே அதைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றார். போடாமல் ஏற்ற மாட்டோம் என்றார்கள் படகுக்காரர்கள். கடைசியில் துறையிலேயே உட்கார்ந்து ஆளுக்கொரு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினோம்.