மயில்சாமிக்கு வராத சொல்

"இன்னொரு வாய் வாங்கிக்குங்க அம்மணி. இதோட போதுமுங்க."

மயில்சாமி கெஞ்சுவது மனைவி சாந்தாமணியிடம் அல்ல, நாயிடம். குழந்தைகளுக்குச் சோறூட்டும் உயர நாற்காலியைப் போல ஆசாரியிடம் சொல்லிச் செய்த ஒன்றில், முன்னங்கால்களைப் பலகைமேல் ஊன்றி, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள் பூரணி. அரைத்த கஞ்சி கரண்டி கரண்டியாக உள்ளே போகிறது. தின்று முடித்தபின்னும் அரைமணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். துணைக்கு இவரும் எதிரே விறைப்பாக உட்கார்ந்து தினசரியை வாசித்துக் காட்டுகிறார். கோயம்புத்தூர் கணபதியில் அவருடைய மோட்டார் பம்பு கடை அதுவரை காத்திருக்கும்.

பூரணிக்கு உணவுக்குழாய் தொய்ந்துபோய்விட்டது. நாலு காலில் நின்றபடி எதைத் தின்றாலும் பாதி வழியில் தங்கிவிடும். மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

இப்படிப்பட்ட நாயை அவர் விரும்பித் தத்தெடுத்தார் என்று யாராவது எழுதினால் அது பொய். காரை நிறுத்த நிழல் தேடிப் போன பூங்காவில் தெருநாய்களுக்கான முகாம் நடந்துகொண்டிருந்தது. "அங்கிள், இவளை மட்டும் யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. நீங்க எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டாள் மெர்சி என்கிற பெண். "பாக்கலாமுங்க" என்றார் மயில்சாமி. கோயம்புத்தூரில் அதற்கு அர்த்தம் நடையைக் கட்டுங்கள் என்பது. மெர்சி நாகர்கோவில்காரி. கயிறு கைக்கு வந்துவிட்டது.

வேண்டாம் என்ற சொல் அவருக்கு வராது. வீட்டிலுள்ள இரண்டு தண்ணீர் சுத்திகரிப்பான்களும், மூன்று சங்கங்களின் பொருளாளர் பதவியும் அப்படி வந்தவைதான். ஆனால் வந்த அன்றே பூரணி அவர் செருப்பின்மேல் தலைவைத்துத் தூங்கிப் போனாள். மனிதர் அசையாமல் நின்றார், கால் மரத்துப்போகும்வரை. அவ்வளவு பிரியத்தை அவர் மீது யாரும் இத்தனை சீக்கிரம் வைத்ததில்லை.

தொல்லை விருந்தாளிகளால் வந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் நாய்க்கு ஒன்றும் போடாமல் போனால் மரியாதை இல்லையாம். பக்கத்து வீட்டு நாச்சியம்மாள் ஒப்புட்டு என்கிற போளியோடு வந்தார். "வாயில்லாத சீவனுங்க, ஒண்ணே ஒண்ணு தின்னா என்னாயிப்போகுது?" என்று கேட்டார். மயில்சாமி "ஆமாங்க" என்று சிரித்துக்கொண்டு நின்றார். மறுநாள் பூரணி மூச்சுக்குத் திணறினாள். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பொழைக்காதுங்க. யார் குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லிப்போடுங்க" என்றார் டாக்டர். தன்னால் முடியாது என்று அவரிடமும் சொல்ல வராமல், "சரிங்க" என்றார் மயில்சாமி.

சாந்தாமணி கேட்டில் பலகை மாட்டினார்: 'நாய்க்கு எதுவும் தரக் கூடாது.' மனது கேட்காத மயில்சாமி அதன் கீழே சாக்பீஸால், 'தப்பா நினைச்சுக்காதீங்க' என்று சேர்த்தார். அதைப் படித்தவர்கள் சிரித்தார்கள், பிஸ்கட்டும் போடப் பார்த்தார்கள். அன்றிலிருந்து சாந்தாமணியே வாசல் காத்தார். சர்க்கரை நோயாளியான கணவருக்கும் சேர்த்துத்தான் அந்தக் காவல்.

அந்தக் காவலை மீறி வரக்கூடியவர் ஒருவர்தான். மகள் லோகப்பிரியாவின் மாமனார், பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் சென்னிமலை. போன ஞாயிறு மைசூர்பாகு டப்பாவோடு வந்தார். சாந்தாமணி காப்பி போட உள்ளே போனார். நாற்காலியில் பூரணி அரைமணியைக் கழித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க சம்பந்தி, நீங்க சோறூட்டற அம்மணி இவங்கதானுங்களா?" சென்னிமலை ஒரு துண்டை எடுத்து நீட்டினார். பூரணியின் நாக்கு வெளியே வந்தது.

சம்பந்தியிடம் வேண்டாம் என்பதா? மகள் வாழ்கிற வீடு. டாக்டர் சொன்னது மயில்சாமியின் காதில் கேட்டது. வாயைத் திறந்தார். பூரணியின் சோற்றைப் போலவே அவருடைய சொல்லும் பாதி வழியில் நின்றுகொண்டது. திறந்த வாயோடு குனிந்து, சம்பந்தியின் விரலிலிருந்து அந்தத் துண்டைக் கவ்வி விழுங்கினார்.

காப்பித் தம்ளரோடு வந்த சாந்தாமணி வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"நல்லாருக்குதுங்க" என்றார் மயில்சாமி.

சென்னிமலை மரியாதை தெரிந்தவர். எதையும் காட்டிக்கொள்ளவில்லை. "தின்னுங்க சம்பந்தி, நம்மூடு மாதிரி. இது அம்மணிக்குங்க" என்று இன்னொரு துண்டை எடுத்தார்.

மயில்சாமி நாற்காலிக்கும் அந்தக் கைக்கும் நடுவே தலையை நுழைத்தார். பூரணியைப் போலவே முதுகை நிமிர்த்திக்கொண்டு மறுபடியும் வாயைத் திறந்தார்.