ஏழு பேரில் மூன்று பெண்கள்

எனக்குக் கால்பந்து ஆட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பந்து இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம் ஓடுவேன். ஆனால் விதி எழுத வரும். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் பதினைந்து வருடத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறேன். ஹால் டிக்கெட் மறந்து வந்தவனை என்ன செய்வது, அரை மணி நேரம் தாமதமாக வந்தவளை உள்ளே விடலாமா என்றெல்லாம் யாராவது கேட்டால், சுற்றறிக்கையில் எத்தனையாவது பத்தி என்பதோடு சேர்த்துச் சொல்வேன். அதனால்தான் உடற்கல்வி இயக்குநர் என்னைத் தேடி வந்தார்.

ஆணும் பெண்ணும் கலந்து ஆடுகிற கால்பந்து லீக் ஒன்றை மாலை வேளைகளில் நடத்த அவருக்கு ஆசை. மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலகத்தினர், யார் வேண்டுமானாலும் அணி சேர்க்கலாம். பெரிய பரிசெல்லாம் கிடையாது, பொழுதுபோக்குக்குத்தான். "ரூல்ஸ் மட்டும் நீங்க எழுதிக் குடுத்துடுங்க சார். எனக்கு அதெல்லாம் கோர்வையா வராது" என்றார். புகழ்ந்தால் மயங்கிவிடுகிற ஆள் நான். இரண்டு நாள் உட்கார்ந்து பதினான்கு விதிகள் எழுதினேன்.

அணிக்கு ஏழு பேர். ஏழு பேரில் குறைந்தது மூன்று பேர் பெண்களாக இருக்க வேண்டும். மூன்று பெண்கள் மைதானத்துக்குள் இல்லையென்றால் ஐந்து நிமிடம் பார்க்கலாம், அதற்கு மேல் எதிரணி ஜெயித்ததாக அறிவிக்கப்படும். பெண் போடும் கோலுக்கு இரண்டு கணக்கு. சறுக்கிக்கொண்டு போய்க் காலைத் தட்டக் கூடாது. தோளால் இடிக்கக் கூடாது. வளையல், கொலுசு, மோதிரம் எல்லாம் கழற்றிவிட வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும் என்றுகூட எழுதினேன். காயம் பட்டவர் ஆடக் கூடாது என்று எழுதவில்லை. தோன்றவே இல்லை.

மூன்று பெண்கள் விதியில்தான் எனக்குப் பெருமை அதிகம். அது இல்லாவிட்டால் நம் ஆட்கள் பெண்களின் பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டு, அவர்களைத் தண்ணீர் பாட்டிலுக்குக் காவலாக வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். என் விதி அவர்களை உள்ளே கொண்டுவந்தது. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அலுவலகத்தினர் சேர்ந்து ஓர் அணி போட்டோம். விதி எழுதியவன் என்பதால் நானே தலைவன். எங்களிடம் நான்கு பெண்கள் இருந்தார்கள். மூன்று பேர், உண்மையைச் சொன்னால் என்னையும் சேர்த்து நான்கு பேர், எண்ணிக்கைக்கு. நான்காவது பெண் மட்டும் ஆட்டக்காரி.

வேதியியல் லேப்பில் ஒப்பந்த ஊழியராக இருந்தாள். திருக்கழுக்குன்றத்திலிருந்து கடலுக்குப் போகும் வழியில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். சர்ச்சுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் பையன்களோடு ஆடிப் பழகியவள். பந்து அவள் காலுக்குப் போனால் எங்கள் அணியே கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளும். லேப்பில் என்னை 'சார்' என்பாள். மைதானத்தில் 'சார், பாஸ் பண்ணுங்க சார்' என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து போய்விடும் என்று 'அண்ணா' ஆக்கிக்கொண்டாள். பிறகு எல்லா இடத்திலும் அண்ணாதான்.

அவளுக்குக் கால்பந்து விளையாட்டு மட்டும்தான். கனவு வேறு. போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் பாஸாகியிருந்தாள். ஓட்டமும் நீளம் தாண்டுதலும்தான் பாக்கி. காலையில் லேப்பைத் திறப்பதற்கு முன் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடுவாள். ஒருநாள் டீக்கடையில் சொன்னாள்: "இந்த வாட்டி உட்டா அவ்ளோதாண்ணா. அடுத்த வாட்டிக்கு வயசு தாண்டிடும். யூனிபார்ம் போட்டுகினு எங்க தெருவுல ஒரே ஒரு வாட்டி நடந்துட்டா போதும் எனக்கு."

லீக் தொடங்கி மூன்றாவது வாரம் ஒரு மாணவர் அணிக்கும் ஆசிரியர் அணிக்கும் ஆட்டம். அன்று நான் கடிகாரத்தோடு கோட்டோரம் நின்றேன். மாணவர் அணியில் மூன்றாவது பெண் வரவில்லை. தாம்பரம் பக்கமிருந்து எலக்ட்ரிக் ட்ரெயினில் வருகிறவள், வண்டி லேட். "இன்னும் ரெண்டு நிமிஷம் சார், கேட் கிட்ட வந்துட்டாளாம்" என்று அவர்களுடைய தலைவன் கெஞ்சினான். மெக்கானிக்கல் கடைசி வருடம், நல்ல பையன். ஒன்பதாவது நிமிடம் அந்தப் பெண் புத்தகப் பையோடு ஓடி வந்தாள். மூச்சு வாங்க நின்றாள். நான் கடிகாரத்தைக் காட்டினேன். ஆசிரியர் அணி ஜெயித்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "பாவம், அந்தப் பொண்ணு எவ்ளோ தூரம் ஓடி வந்துச்சோ" என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான், நாளைக்கு என் அணிக்கே ஆனாலும் இதைத்தான் செய்வேன் என்றேன். வாய்க்கொழுப்பு என்பது இதுதான்.

கடைசி லீக் ஆட்டம் எங்களுக்கும் அதே மாணவர் அணிக்கும் அமைந்தது. ஜெயிக்கிறவர்கள் இறுதி ஆட்டத்துக்குப் போகலாம். முந்தின நாள் பயிற்சியில், மைதானத்தின் மூலையிலிருந்த சின்னப் பள்ளத்தில் கால் வைத்து லேப் பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியது. வீங்கிவிட்டது. "நாளைக்கு நீ ஆட வேணாம்மா. வந்து பாரு, அது போதும்" என்று நானே சொன்னேன். அவள் தலையாட்டினாள். போலீஸ் தேர்வின் ஓட்டத்துக்கு அப்போது மூன்று வாரம் இருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

மறுநாள் ஐந்து மணிக்கு ஆட்டம். நாலே முக்காலுக்கு எங்கள் அணியின் நூலக அம்மா போன் செய்தார். குழந்தைக்குக் காய்ச்சல், வர முடியாது. நான்கில் ஒருத்திக்குக் கால் சரியில்லை, ஒருவர் வரவில்லை. மிச்சம் இரண்டு பெண்கள்.

டாஸ் போட நடுக்கோட்டுக்குப் போனேன். நானும் மாணவர் அணித் தலைவனும் மட்டும்தான் அங்கே. நடுவர் தள்ளி நின்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். பையன் எங்கள் பக்கம் பார்த்து எண்ணிவிட்டான்.

"இன்னா சார், ஒரு மேடம் வரலையா?"

"இல்லப்பா."

"பரவால்ல சார். எங்க பக்கமும் ஒரு பொண்ண வெளிய உக்கார வெச்சிக்கிறேன். ஆறுக்கு ஆறு ஆடிக்கலாம். யாரு கேக்கப் போறா?"

கிண்டலே இல்லாமல் சொன்னான். கிண்டல் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனுக்குப் பின்னால் அந்த ட்ரெயின் பெண் நின்றிருந்தாள். இதற்குச் சரி என்று சொன்னால் அன்றைக்கு அவளுடைய ஒன்பது நிமிடத்துக்கு நான் என்ன பதில் சொல்வது? "ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குல்லப்பா. மூணு பேர் இறங்குவாங்க" என்றேன். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டான்.

நான் நேராக லேப் பெண்ணிடம் போனேன். சிமெண்ட் படியில், கணுக்காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வேற வழி இல்லம்மா. நீ இறங்கலன்னா ஆடாமலே தோத்துடுவோம். சும்மா நின்னா போதும். அவங்க கோல் பக்கத்துல ஓரமா நில்லு. பந்து வந்தாலும் தொடாத."

அவள் காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நிக்கறதுதானேண்ணா. நிக்கிறேன்."

எழுந்து மெதுவாகக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். பெண்கள் வெளியே உட்காரக் கூடாது என்று நான் எழுதிய விதி, உட்கார்ந்திருக்க வேண்டிய ஒரு பெண்ணை எண்ணிக்கைக்காக எழுப்பி நிறுத்தியது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

சொன்னபடி நின்றாள். முதல் பாதி முழுக்க ஒருமுறைகூடப் பந்துக்குப் போகவில்லை. இரண்டு முறை பக்கத்தில் வந்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கையில் எங்கள் அணியில் ஆடிய வாட்ச்மேன் தூரத்திலிருந்து ஓங்கி ஒன்று உதைத்தார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி, நின்றிருந்தவள் முன்னால் உருண்டு வந்தது. கோல்கீப்பர் மறுபக்கம் விழுந்து கிடந்தான்.

தொடாதே என்று சொன்னதும் நான்தான். "அடி! அடி! ரெண்டும்மா, ரெண்டு!" என்று தொண்டை கிழியக் கத்தியதும் நான்தான்.

பேண்டேஜ் கட்டிய காலை ஊன்றிக்கொண்டு மறு காலால் அடித்தாள். ஊன்றிய கால் அங்கேயே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. பந்து உள்ளே போனது. நான் குதித்தேன், யாரையோ கட்டிப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டுக்கு ஒன்று. ஜெயித்துவிட்டோம். ஆட்டோ வருவதற்குள் நடுவர் ஸ்கோர் தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். அந்த நேரத்திலும் பேனா எடுத்து, தேதி எழுதி, ஒழுங்காகப் போட்டேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மூணு வாரத்துல சரியாயிடுமாண்ணா?"

"ஆயிடும்மா" என்றேன்.

முழங்காலில் ஜவ்வு கிழிந்திருந்தது. பல மாதம் ஓடக் கூடாது என்றார் டாக்டர். இறுதி ஆட்டத்தில் நாங்கள் நாலு கோல் வாங்கித் தோற்றோம். அதை இப்போது யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

போலீஸ் தேர்வின் ஓட்டம் நடந்த நாளில் நான் ஏதோ ஒரு ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு லேப் பக்கம் போனேன். ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்து, சோதனைக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போனேன். ஆனால் அதைச் சொன்னால் கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பையன் ஆறுக்கு ஆறு ஆடலாம் என்றான், நான்தான் வேண்டாம் என்றேன் என்று. வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். ஃபைல் எந்தப் பிரிவுக்கு உரியது என்றுகூட நான் பார்த்திருக்கவில்லை.

அடுத்த வருடம் அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். அந்த வருடமே நான் பதினைந்தாவது விதியைச் சேர்த்தேன்: பெண்கள் எண்ணிக்கை குறைந்தால், இரு அணித் தலைவர்களும் ஒப்புக்கொண்டு இரு பக்கமும் சம அளவில் ஆள் குறைத்து ஆடலாம்; காயம் பட்டவரை எக்காரணம் கொண்டும் இறக்கக் கூடாது. இயக்குநர் படித்துவிட்டு, "ரொம்ப நல்ல ரூல் சார். எப்படித் தோணுச்சு?" என்றார். அனுபவம்தான் என்றேன். எனக்கே அருவருப்பாக இருந்தது.

போன மாதம் எங்கள் பிரிவில் ஒருவருக்குப் பணி ஓய்வு. மாமல்லபுரத்தில் கடலோரமாக இருக்கும் ஒரு ரிசார்ட்டில் மதியச் சாப்பாடு. உள்ளே நுழைந்ததும் வரவேற்பு மேசையிலிருந்து "அண்ணா!" என்று ஒரு குரல். ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். புடவை, பெயர்ப் பட்டை, பெரிய சிரிப்பு. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். இடது காலை லேசாக இழுத்து வைத்தாள், தெரிந்தவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு.

சாப்பிட்டு முடித்ததும் இரண்டு கப் டீயோடு என்னைத் தேடி வெளியே வந்தாள். சவுக்கு மர நிழலில் நாற்காலி போட்டிருந்தார்கள். கல்யாணமாகிவிட்டது, ஒரு பையன், வீடு திருக்கழுக்குன்றத்திலேயே என்றாள்.

"எங்க அக்கா பொண்ணு உங்க யுனிவர்சிட்டிலதாண்ணா படிச்சிகினுகீது. லீக்ல ஆடுது. ரூல்ஸ் பேப்பர் கொண்டாந்து காட்டுச்சு."

"அப்படியா" என்றேன்.

"ஆளு கொறஞ்சா ரெண்டு பக்கமும் கொறச்சிகினு ஆடலாம்னு போட்டுகிறீங்க. படிச்சதுமே நெனச்சேன், எனக்காகத்தான் அண்ணன் எழுதிகிறாருன்னு." சிரித்தாள். "அன்னிக்கே இது இருந்திருந்தா நான் எறங்கியே இருக்க மாட்டேன், இல்ல?"

டீ கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. இப்போது சொல்லிவிடு, இதை விட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டாய் என்று உள்ளுக்குள் ஒன்று உந்தியது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. அவள் பதறிப்போய் என் கைமேல் கையை வைத்தாள்.

"ஐயோ, நீங்க இன்னாண்ணா பண்ணுவீங்க? அப்போ ரூல் அப்டி இருந்துச்சு. உங்களுக்கும் வேற வழி இல்லல்ல?"

"ஆமாம்மா" என்றேன். "வேற வழி இல்ல."