ஐந்து கியரோடு கடப்பாக்கம் வரை

எழுத்து கோணலாக இருப்பதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மேலே படமாகப் போட்டிருப்பது நான் எழுதிய தாள். 'ழ' இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை. வரியும் வலது பக்கம் போகப் போகக் கீழே இறங்கிவிடுகிறது. அறுபத்தைந்து வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து எழுதக் கற்றவன் நான். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. அது எவ்வளவு சந்தோஷமான காலைப்பொழுது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. தாளைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவது என் மகன் ரவி. அவனைப் பற்றி எழுதிய இடங்களில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

பழைய காருக்குப் புது கியர் பாக்ஸ் போட நினைப்பவர்களுக்கும், செங்கல்பட்டிலிருந்து கடலோரமாக ஒரு நாள் போய்வர நினைப்பவர்களுக்கும் இது உதவும். போனது 2006 மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

என்னிடம் இருப்பது 1978 மாடல் அம்பாசிடர், டீசல். செங்கல்பட்டு ஸ்டேஷன் ஸ்டாண்டில் வாடகைக்கு ஓட்டியது. இதில் கியர், ஸ்டியரிங்கை ஒட்டி மேலே இருக்கும்; நாலே நாலு கியர். போன வருடம் என் இடது தோள்பட்டை இறுகிவிட்டது. கை மார்புக்கு மேலே எழவில்லை. மூன்றாவது கியருக்குத் தள்ளுவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். ரவி கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் ஆபீஸில் இருக்கிறான். வண்டியை வாங்கிக்கொள்ள ஓர் ஆளையே பேசி வைத்துவிட்டான். வாங்கி உடைத்து இரும்பாக விற்கிற ஆள். எனக்கு மனம் வரவில்லை. கை மேலேதானே போகாது, கீழே போகுமே என்று யோசித்தேன்.

மெக்கானிக் பஷீர் பாயிடம் போனேன். பின்னாளில் வந்த அம்பாசிடரின் ஐந்து கியர் பாக்ஸ், தரையில் கியர் வைத்தது, பழைய சாமானாகக் கிடைத்தது. பாக்ஸுக்கு ஒன்பதாயிரம், வேலைக்கும் லேத்துக்கும் சேர்த்து ஆறாயிரம். பாக்ஸை மாட்டினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவே தகடு செய்ய வேண்டும். பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டை வெட்டிக் குறுக்க வேண்டும். தரையில் ஓட்டை போட வேண்டும். கிளட்ச் பிளேட்டும் புதிது. முன் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்த காலம் முடிந்தது, நடுவில் இப்போது கியர் நிற்கிறது.

ரவி ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "கடப்பாக்கம் சித்தி வூடு வரைக்கும் போய்ட்டு வருவோம் நைனா. நடுவுல எங்கனா நின்னுட்டா, அன்னிக்கு சாயங்காலமே ஆளுகிட்ட குடுத்துடணும். சரியா?" சரி என்று கையடித்துக் கொடுத்தேன்.

கிளம்பும்போது பஷீர் பாய் ஜன்னலில் தலையை விட்டுச் சொன்னார்: "புது பிளேட்டு அண்ணாத்த. ஊரத் தாண்டுனதும் டாப்ல போட்டுடு. சும்மா சும்மா ஏத்திகினு எறக்கிகினு இருக்காதே. ரோடு கிடைச்சா டாப்புதான், தெரிஞ்சுதா?" தெரிந்தது என்றேன்.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். ரவி என் பக்கத்தில், என் மனைவி அஞ்சலை பின்னால். அவளுக்கு பஸ் வாடையே ஆகாது. தங்கையைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த வண்டிதான். திருக்கழுக்குன்றம் பதினான்கு கிலோமீட்டர். இத்தனை வருடம் ஓட்டிய ரோட்டில் இப்போதுதான் பெயர்ப்பலகைகளைப் படித்தேன். "புதுப்பட்டினம்னு போட்டா நீ இன்னாத்துக்கு அதச் சொல்ற? ரோடப் பாரு" என்றாள் அஞ்சலை. மாமல்லபுரத்தில் பஸ் நிலையம் பக்கம் நாஸ்தா, மூன்று பேருக்கும் எழுபது ரூபாய். கடற்கரைக் கோயிலுக்கு நிற்பதானால் எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள், பிறகு வெயிலும் கூட்டமும் சேர்ந்து வரும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியதும் பாய் சொன்னபடி டாப்பில் போட்டேன். ஐந்தாவது. அங்கேதான் பேஜாரு ஆரம்பித்தது. வண்டி முனகியது. ஐம்பதுக்குக் கீழே வந்தால் கதவெல்லாம் நடுங்கியது. கை தானாகக் கீழே இறக்கப் போயிற்று, நான் இறக்கவில்லை. இறக்காதே என்று சொல்லியிருக்கிறார், ரவி வேறு கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு கல்பாக்கத்தைத் தாண்டினேன்.

பாலாற்றுப் பாலத்தில் முன்னால் ஒரு டிராக்டர், சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு. எதிரே வண்டி மேல் வண்டி. வேகம் முப்பதுக்கு வந்தது. கடல் காற்று முகத்தில் அடித்தது. நான் அப்போதும் டாப்பை விடவில்லை. வண்டி நாலு தடவை உதறிவிட்டு, பாலத்தின் நடுவிலே நின்றுவிட்டது.

பின்னால் ஒரே ஹாரன். ரவி செல்போனை எடுத்தான். "அண்ணா, சாயங்காலம் வூட்டாண்ட வந்துடுங்க. ஆமா, வண்டி எடுத்துக்கலாம்." அதே போனில் பஷீர் பாயைக் கூப்பிடச் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"பாய், வண்டி உதறி நின்னுட்சு."

"டாப்லதானே வந்தே?"

"டாப்லதான் பாய். மாத்தவே இல்ல."

"டாப்ல உதறாது அண்ணாத்த."

"உதறுதுன்றேன்!"

"டாப்ல எப்டி உதறும்?"

பின் சீட்டிலிருந்து அஞ்சலை கத்தினாள்: "யோவ், நாலா அஞ்சான்னு கேளுய்யா! டாப்பு டாப்புன்னு ரெண்டு பேரும் ஏலம் வுட்டுகினு கீறீங்க!"

கேட்டேன். அந்தப் பக்கம் சிரிப்பு. "அட அண்ணாத்த! டாப்புன்னா நாலு. அஞ்சாவது ஓவரு. அது காலி ரோட்ல அறுபதுக்கு மேல போறப்போ போடறது."

"கடைசி கியர்தானே பாய் டாப்பு?"

"உன் பழைய பாக்ஸ்ல நாலே கடைசி. அதனால இத்தினி நாளு நமக்குள்ள சண்டை வரல."

விஷயம் இவ்வளவுதான். எஞ்சின் சுற்றும் வேகத்திலேயே ஷாஃப்ட்டும் சுற்றுகிற கியர்தான் மெக்கானிக்குக்கு டாப். டிரைவருக்கு, அதற்கு மேல் இல்லை என்கிற கியர் டாப். என் பழைய வண்டியில் இரண்டும் ஒன்றாக இருந்தன. புது பாக்ஸ் வந்து அவற்றைப் பிரித்துவிட்டது.

ஸ்டார்ட் செய்து, ஒன்றிலிருந்து ஏற்றி நாலோடு நிறுத்திக்கொண்டேன். பாலத்தைத் தாண்டிக் கூவத்தூர் போகும்வரை ஒரு முனகல் இல்லை. "பாத்தியாடா?" என்றேன். "நின்னா நின்னதுதான் நைனா" என்றான் ரவி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

ஒன்பதரைக்குக் கடப்பாக்கம். எண்பத்தைந்து கிலோமீட்டர் காட்டியது. அஞ்சலையின் தங்கை வீட்டில் சங்கரா மீன் குழம்பு. சாப்பாட்டுக்கு முன் ஆலம்பரைக் கோட்டைக்குப் போய்வந்தோம். இடிந்த சுவரில் ஏறி நின்றால் கழிமுகமும் கடலும் ஒன்றாகத் தெரியும். கடைகள் கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். வண்டியை மண் பாதை தொடங்கும் இடத்திலேயே நிறுத்துங்கள். நான் உள்ளே விட்டுவிட்டு ரிவர்ஸ் எடுக்கப் போனபோது என் கை பழைய ஞாபகத்தில் ஸ்டியரிங் பக்கம் போய்க் காற்றைப் பிடித்தது. தோளில் சுரீரென்றது. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், "இன்னா பெருசு, கொசுவா?" என்றார்.

திரும்பும்போது மூன்று மணி. செய்யூர் வழியாக மதுராந்தகம் வந்து, அங்கிருந்து செங்கல்பட்டு, அறுபத்தைந்து கிலோமீட்டர். செய்யூர் தாண்டியதும் ரவி, "சாவியக் குடு, உதறல் நிஜமா போச்சான்னு பாக்கறேன்" என்றான். சின்ன வயதிலிருந்தே இந்த வண்டியைத் தொட மாட்டான். ஸ்டியரிங் கியர் அவனுக்குப் பிடிபடவே இல்லை. தரை கியர் அவனுக்குப் பழக்கம். முதலில் எதையோ கண்டுபிடிக்கிறவன் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓட்டினான். மதுராந்தகம் ஏரி தாண்டி நெடுஞ்சாலையில் ரோடு காலியானது. அறுபத்தைந்தில் ஐந்தாவது போட்டான். எஞ்சின் சத்தம் அடங்கி, அஞ்சலை தூக்கத்தில் விடும் மூச்சு எனக்குக் கேட்டது. ரவி ஜன்னலை இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டான்.

வீட்டு வாசலில் அந்த ஆள் காத்திருந்தார். வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டினார். நான் கதவைத் திறக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

ரவி இறங்கி, "அண்ணா, வண்டி இல்ல" என்றான்.

"இன்னாப்பா, அதோ கீதே?"

"கீது. ஆனா இல்ல."

அவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், தன் பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மொத்தம் நூற்றைம்பது கிலோமீட்டர், டீசல் நானூறு ரூபாய்க்குள் முடிந்தது. கியர் பாக்ஸ் மாற்றினால் மெக்கானிக் சொல்வதைப் பெயரால் கேட்காதீர்கள், எண்ணால் கேளுங்கள். பாக்ஸுக்கு எந்த ஆயில் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள், புது பாக்ஸுக்குப் பழைய ஆயில் சரிவராமல் போகலாம். பின் சீட்டில் விவரமானவர் ஒருவரை உட்கார வையுங்கள்.

இரும்புக்குப் போக இருந்த வண்டி தப்பித்தது. ஆனால் திங்கட்கிழமை காலையிலிருந்து ரவி அதை ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போகிறான். சாவி அவன் பேன்ட் பாக்கெட்டில். இதை அடிக்கும்போது அவனே படிப்பான், அதனால் இங்கேயே கேட்டுவிடுகிறேன்: வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டி எனக்கு வேண்டும். கொடுத்தால் வண்டி தினமும் போகிற கேளம்பாக்கம் வரை நானே போய்வந்து அடுத்த வாரம் எழுதுவேன். கொடுக்காவிட்டால் அதைப் பற்றி எழுதுவேன்.